எஃகு வலைக்குள் இருந்த ரப்பர்

என் உயிரான ஜெபராஜ் அண்ணனுக்கு,

நீ தீயில் செத்தாய் என்று சொன்னால், "எந்த ஆலையில?" என்றுதான் சிவகாசியில் கேட்கிறார்கள். பட்டாசு ஆலை இல்லை, கார் என்பேன். உடனே முகம் மாறும். மெக்கானிக் பெட்ரோல் குழாயை ஒழுங்காக மாட்டவில்லை, தன் தப்பால் தானே எரிந்தான் என்று அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவர் உனக்கு அந்தக் குழாயை விற்ற கடைக்காரர் குணசேகரன்.

அவர் கடையில் நானும் உன் பக்கத்தில் நின்றேன். ஒரு அச்சகக்காரர் மகனின் காரைப் பந்தயத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தாய். பெரிய பம்ப் போட்டதால் பெட்ரோல் அழுத்தம் கூடும், எஃகு வலை பின்னிய குழாய்தான் தாங்கும் என்றாய். "மேல கம்பி பளபளன்னு இருக்கு அண்ணாச்சி. உள்ள என்ன ரப்பர்?"

"வெளிநாட்டுச் சரக்கு தம்பி. கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க."

நீ கண்ணை மூடிக்கொண்டு மாட்டவில்லை. சைலன்சர் சூடு படாத வழியாகக் கொண்டுபோனாய். தகட்டில் உரசும் இடங்களில் கிளிப் போட்டாய். பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தாய். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

சில நாள் கழித்து ஆனைக்குட்டம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனாய். பெட்ரோலில் ஊறிய உள்ரப்பர் வலைக்குள்ளேயே கிழிந்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சியது. மதுரை ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னது, "ஃபிட்டிங் சரியாத்தான் போட்டேன் எஸ்தர்."

நான் நம்பினேன். ஊர் நம்பவில்லை. அந்தக் குழாயில் நீ மிச்சம் வைத்திருந்த துண்டை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் மாதிரியான மட்டச் சரக்கு. பெட்ரோலில் போட்டதும் ஊதிப் பெருத்தது. ஒரு துண்டை வைத்து யாரிடம் போய்ப் பேச? காத்திருந்தேன்.

குணசேகரன் புதுக்கடை திறந்தார். விருதுநகர், சாத்தூர் மெக்கானிக்குகள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் அவர் கவுன்டரிலேயே அந்தக் குழாயில் ஒரு துண்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் அறுத்து, வலையை உரித்தேன். உள்ரப்பரைப் பெட்ரோல் பாட்டிலில் போட்டு மூடினேன். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த நல்ல குழாயின் உள்ளே இருக்கும், பெட்ரோலில் ஊறாத வெள்ளை டெஃப்லான் துண்டை இன்னொரு பாட்டிலில் போட்டேன்.

"பந்தி முடிச்சிட்டு வந்து பாருங்க. எங்க அண்ணன் ஏன் செத்தான்னு தெரியும்."

குணசேகரன் சிரித்தார். "துக்கத்துல பேசுது. நீங்க சாப்பிட வாங்க."

பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். டெஃப்லான் போட்டபடியே இருந்தது. ரப்பர் தடித்துக் கொழகொழத்துக் கிடந்தது. விஸ்வநத்தத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முத்துப்பாண்டி அதை எடுத்து நகத்தால் கிள்ளினார். பிய்ந்து வந்தது.

"ஏலே, இதையவா நம்ம வண்டிக்கெல்லாம் வித்தே?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். குணசேகரனின் முகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லாயிருந்தது அண்ணே. நீ இருந்திருந்தால் விட்டுவிடு என்று சொல்லியிருப்பாயோ?

அதற்குப் பிறகு ஒரு மெக்கானிக்கும் அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. தீபாவளி சீசன் வருவதற்குள் ஷட்டர் விழுந்தது. ஒரு மத்தியானம் குணசேகரன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எனக்கும் பிள்ளைக இருக்கும்மா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"முதல்ல எங்கம்மாகிட்ட நடந்ததச் சொல்லுங்க" என்றேன்.

தலைகுனிந்தபடி அம்மாவிடம் சொன்னார். "உங்க மகன் மேல தப்பு இல்லம்மா. சரக்குதான் மட்டம். தெரிஞ்சேதான் வித்தேன்."

வெயிலில் அவர் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்து, பழக்கத்தில் நான் சொம்பை எடுத்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் எல்லோருக்காகவும் ஜெபிக்கும் நம் அம்மா, பைபிளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வச்சிரு. அவனுக்குத் தண்ணி குடுக்காத."

சொம்பை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உன் ஒர்க்‌ஷாப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். அறுத்துப் பார்க்காமல் எந்தக் குழாயையும் மாட்டுவதில்லை. குணசேகரன் திருநெல்வேலிப் பக்கம் வேறு பெயரில் கடை போடப்போகிறார் என்று முத்துப்பாண்டி சொன்னார். என்றைக்குத் திறப்பு என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முதல் ஆளாக நான் அங்கே இருப்பேன் அண்ணே. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
எஸ்தர்