எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

12 மே 2007, சனி

பின்னேரம் மகள் சந்திரகாந்தியோடு எல்லைப் பலகை மட்டும் நடந்தேன். அகதி விடுதியிலிருந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயலோரம் போனால் பலகை வரும். அதோடு எங்கள் 'கிறைஸ்' முடிகிறது; அகதிகள் அனுமதியில்லாமல் அதைத் தாண்டக் கூடாது. கிறைஸ் என்றால் ஜேர்மன் மொழியில் மாவட்டம். வட்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் மூளை இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. விடுதியை நடுவில் வைத்துக் கொம்பாசால் வட்டம் கீறி, அதற்குள்தானே நிற்கிறேன் என்று பொலிசுக்கே படம் காட்டிய வீரன் நான். புங்குடுதீவு எட்டாம் வட்டாரத்தில் பிறந்தவனுக்கு இங்கே ஒரு வட்டம் விளங்கவில்லை. இன்னொரு தடவை வெளியே பிடிபட்டால் கோர்ட். அகதி வழக்கும் கெட்டுப்போகும். அதனால் பலகையோடு பிரேக்.

அந்தப் பக்கம் ஒற்றை ஆப்பிள் மரத்தடியில் ஓர் ஆள் நின்றார். என்னுடையதைப் போலவே பழுப்பு ஜாக்கெட். கை காட்டினேன். அவரும் காட்டினார். அகதிகளை மாவட்டம் மாவட்டமாகப் பங்கு போடுகிறவர்கள், அங்கேயும் என்னைப் போல ஓர் உருத்திரமூர்த்தியைப் போட்டிருப்பார்கள் என்று வீட்டில் சொன்னேன்.

"ரெண்டு நீங்களோ? ஒண்டோட நான் படுற பாடு காணும்" என்றாள் மல்லிகா. பதினான்கு வருட மனைவி, சொல்ல உரிமை உண்டு.

20 மே

நிற்கிறார். பலகைக்குக் கிட்ட வருவதில்லை. பாவம், அவருக்கும் இதே சட்டம் போல.

29 மே

"அப்பா, நேற்று ஏன் மரத்தடியில நிண்டு கூப்பிட்டனீங்கள்?"

"ஆர், நானோ?"

"ஓம். குஞ்சு, குஞ்சு எண்டு. ரெண்டு தரம்."

நேற்றுப் பின்னேரம் விடுதிக் குளியலறை கழுவுகிற முறை என்னுடையது. வாளியும் தும்புத்தடியும் சாட்சி. அவளைக் குஞ்சு என்று கூப்பிடுவது உலகத்திலேயே நான் ஒருவன்தான். மல்லிகாவுக்குக் கூட அவள் காந்தி.

பொழுதுபடுகிற மைமல் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். மனிதரல்லாதது இரண்டோடு நிறுத்திவிடும் என்பார்கள். சொல்லும்போது சிரித்தபடிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

8 யூன்

எழுத்து கோழி கிளறின மாதிரி.

நான் வயலோரம் வருவதற்குள் பிள்ளை பலகையைத் தாண்டிப் போய்விட்டாள். மரத்தை நோக்கி நடக்கிறாள். அங்கே அந்த ஜாக்கெட். கத்தினேன். திரும்பவில்லை. காலைத் தூக்கினேன் — வைக்கவில்லை. என்ன தகப்பனடா நீ? ஒரு தகரப் பலகைக்குப் பயந்து, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி —

பாதி வழியில் அவளாகவே திரும்பி வந்தாள்.

"ரெண்டு தரம்தான் கூப்பிட்டது. பிறகுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது."

"முகம் பார்த்தியோ?"

"தெரியேல்லை. ஆனா உங்களை மாதிரியே இருமினது."

21 யூன்

விடுதிப் பொறுப்பாளர் அம்மா நல்ல செய்தி சொன்னார். வருகிற முதலாம் தேதி மாநிலம் முழுக்க மாவட்டங்களைச் சேர்க்கிறார்களாம். எங்களுடையதும் பக்கத்து மாவட்டமும் ஒன்றாகிவிடும். இந்த எல்லை இனி இல்லை. நான் தாராளமாகப் போகலாம்.

மல்லிகா பாயசம் வைத்தாள். நான் மூன்று கிண்ணம். இனிக் குஞ்சு எங்கே ஓடினாலும் பின்னால் ஓடலாம். அது போதும் எனக்கு.

1 யூலை, ஞாயிறு

பலகையைக் கழற்றிவிட்டார்கள். கம்பம் மட்டும் நிற்கிறது. மாப்பிள்ளை மாதிரி வலது காலை எடுத்து வைத்துப் போனேன்.

மரத்தடியில் ஒருவரும் இல்லை. நெடுநாள் நின்றதில் புல் இரண்டு பாதமாகக் கருகிக் கிடந்தது. விரல்கள் எங்கள் விடுதிப் பக்கம். என் சப்பாத்தை அதில் வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தேனோ? அளவு சரியாக இருந்தது.

3 யூலை

மேல்மாடிக் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றேன். பள்ளிப் பையோடு வாசலில் வந்து நின்ற பிள்ளையின் முகம் வெளுத்துப் போனது.

"நீங்கள் இஞ்சயோ? கீழ படியடியில இருந்தெல்லோ கூப்பிட்டனீங்கள்."

"எத்தனை தரம்?"

"மூண்டு. அதுதான் ஓம் எண்டு சொன்னனான்."

வெங்காயம் கருகிவிட்டது.

எனக்கு எல்லை போய்விட்டது. அவருக்கும்.

9 யூலை

பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன், கூட்டி வருகிறேன். கையை விடுவதில்லை. ஜாக்கெட்டைக் குப்பையில் போட்டாயிற்று. யூலையில் ஜாக்கெட் எதற்கு என்று மல்லிகாவிடம் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. நான் இல்லாத நேரம் அவளும் படியில் என் இருமலைக் கேட்டிருக்கிறாள்.

14 யூலை

இப்போது நான் குஞ்சு என்று கூப்பிட்டால் பிள்ளை உடனே வருவதில்லை. மூன்று தரம் கூப்பிட்டாலும் வருவதில்லை. முதலில் படிப்பக்கம் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் ஓம் அப்பா.

இன்று என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள்.