இரண்டு கயிறுகள்

பாறசாலை
12 மே 2024

அன்புள்ள ஷீலாவுக்கு,

நானும் மகள் ரெஷ்மாவும் சுகம். மலையில் போன் கிடைக்காததால் இதைக் கான்டிராக்டரின் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ மரம் அறுக்கப் போனதிலிருந்து ஊன்றுகோலோடு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். நீ ஏறிப் பழகிய தென்னை வேறு, எஸ்டேட் லயத்து வீடுகளின் மேல் சாய்ந்து நிற்கும் சைப்ரஸ் வேறு. நாற்பது அடிவரை கிளையே இருக்காது. அதற்கு மேல் கிளையைத் தவிர ஒன்றும் இருக்காது. பச்சைக்கு நடுவே காய்ந்தது ஒளிந்திருக்கும். பிசினில் கயிறு ஓடாது.

என் தம்பி ஜிபினும் அங்கே வேலைக்கு வந்திருப்பதாக நேற்றுத்தான் அறிந்தேன். நான் மரத்தில் இருந்தபோது அவன் கயிற்றை விட்டதால்தான் விழுந்து, இரண்டு வருஷமாக இப்படிக் கிடக்கிறேன். உன் கயிற்றை அவன் தொடக்கூடாது.

உன்
சத்தியநேசன்


பொன்முடி
15 மே 2024

அன்புள்ள அத்தானுக்கு,

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்று முதலாவது மரத்தில் ஏறும்போது ஜிபின் கயிறு பிடிக்க வந்தான். "வேண்டாம், தள்ளி நில்லு" என்றேன். முகம் வாடி விலகிப் போனான். எஸ்டேட் வாட்ச்மேன் நவநீத் பிடித்தார். அவருக்கு இந்த வேலை தெரியாது.

ஐம்பது அடியில், கால் வைத்த கிளை ஒடிந்தது. ஒரு முனையை என் உடம்பில் கட்டி, மேலே கிளைக் கவையில் போட்டு, மறுமுனையை அவர் பிடிக்கக் கீழே இறக்கியிருந்த காப்புக் கயிறு தாங்கியிருக்க வேண்டும். நவநீத் பயந்து அதை விட்டுவிட்டு ஓடினார். மரத்தைச் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த கயிறுதான், பத்தடி சறுக்கிய பிறகு என்னைப் பிடித்தது. முழங்கையில் தோல் இல்லை. இடுப்புக் கயிற்றை மட்டும் நம்பி மறுபடி ஏறி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினேன்.

இன்னொரு மரம் பாக்கி. இதைவிடப் பெரியது. அதன் கீழே மூன்று வீடுகள். மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். யாரைப் பிடிக்கச் சொல்வேன்?

ஜெயஷீலா


பாறசாலை
17 மே 2024

ஷீலா,

மரத்தில் ஏறாதே. முதலில் இதை வாசி.

ஜிபின் கயிற்றை விடவில்லை. அன்று காப்புக் கயிறு கிளையில் சிக்கிச் சிக்கி என்னை மேலே போக விடவில்லை. எரிச்சலில் நானே அதை அவிழ்த்தேன். ஒரு கிளையைத் தாண்ட இடுப்புக் கயிற்றையும் கழற்றினேன். அந்த ஒரு நிமிஷம் இரண்டும் என் உடம்பில் இல்லை. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள். வாயில் அவன் பெயர் வந்துவிட்டது. இருபது வருஷம் மரம் ஏறியவன், பிறகு அதைத் திருத்த வெட்கப்பட்டேன்.

இன்னும் மறைத்தால் உன்னை நானே தள்ளிவிட்டது போலாகும். அவனையே பிடிக்கச் சொல். கிளையைத் தாண்டும்போது ஒன்றைக் கட்டாமல் மற்றதை அவிழ்க்காதே. என் மேல் கோபமிருந்தால் கீழே இறங்கிய பிறகு கோபப்படு.

சத்தியநேசன்


பொன்முடி
20 மே 2024

அத்தானுக்கு,

மரம் இறங்கிவிட்டது. மூன்று வீட்டிலும் ஓர் ஓடுகூட உடையவில்லை.

ஏறுவதற்கு முன் உங்கள் கடிதத்தை ஜிபினிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும், மைனி. கயிறு அறுபடல்ல. நான் புடிச்ச முனை என் கையிலதான் இருந்துது; அண்ணன் கட்டுன முனை முடிச்சவுந்து என் காலடியிலல்லா வந்து விழுந்துது."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"அண்ணன் அந்தக் கெடை கெடக்கும்போ எப்பிடிச் சொல்லுவேன்?"

அவன் கல்யாணத்துக்குக்கூட நாம் போகவில்லை. அதை நினைத்துக்கொண்டே எண்பது அடி ஏறினேன். கீழே அவன் பிடித்த கயிறு ஒரு தடவைகூடத் தளரவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். ஜிபினையும் கூட்டி வருகிறேன். உங்களுக்காகவோ அவனுக்காகவோ நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கதவை நீங்கள்தான் வந்து திறக்க வேண்டும்.

ஜெயஷீலா