கத்தாத ஆள்காட்டி

ஏப்ரல் 5, 2025, சனி

ஸ்ரீரங்கத்திலிருந்து விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு திருவெள்ளறைத் தரிசுக்குப் போனேன். மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக் குருவிக்கு அங்கே ஐந்து கூடு என்று அறிக்கையில் காட்டியிருக்கிறாள் ரஞ்சனி. எனக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிவப்பு மூக்குதான் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தித் தீர்த்தது.

பார்க்காமலே எழுதிவிட்டாளா? ஒரே ஆய்வுத் திட்டம், ஏழு வருஷமாக வாடி போடிப் பழக்கம். அவளா?

ஏப்ரல் 7, திங்கள்

ரஞ்சனியின் கூட்டுக் கணக்கு பொய் என்று எங்கள் கைடு சாரிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளிடமே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கருத்தரங்குக்கு என்னை விட்டுவிட்டு அவள் பெயரைக் கொடுத்தாரே, அதனாலா? சீ. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். போட்டோ எங்கே என்று அவளைக் கேட்டார்.

"கூட்டுக்கிட்ட போகல சார். தூரத்துலேர்ந்துதான் பார்த்தேன். இருக்கு."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உண்மையென்றால் கத்த வேண்டாமா? நானாக இருந்தால் துறையையே இரண்டாக்கியிருப்பேன். சார் அவளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

வராந்தாவில் நான் போகும்போது யாரோ 'ஆள்காட்டி' என்று சொன்னார்கள். பறவையைச் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 19, சனி

மிச்சக் கணக்கை நான்தான் எடுக்க வேண்டுமாம். மறுபடி அதே தரிசு. வண்டி பஞ்சர். மெக்கானிக் வரும்வரை ஒரு மணி நேரம் பனை நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மூக்கு கத்திக் கத்தி ஓய்ந்தது. அப்புறம் பத்தடி தள்ளி ஒரு மண்ணாங்கட்டி எழுந்து நடந்தது — கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. சத்தமே இல்லை. அது இருந்த இடத்தில் நாலு முட்டை.

ஐயோ! அன்னிக்கு இது பக்கமாத்தானே நடந்தேன். ஆள் வந்தா சிவப்பு ஊரைக் கூட்டும், மஞ்சள் சத்தமில்லாம நழுவிடும் — பரீட்சையில இதை எழுதி மார்க் வாங்கினவ நான். கத்தலேன்னா இல்லேன்னு நெனச்சுட்டேனே. பறவையையும், அவளையும்.

ஏப்ரல் 21, திங்கள்

சாரிடம் போட்டோவைக் காட்டி என் தப்பைச் சொன்னேன். "நாளைக்கே அவளை வரச் சொல்லும்மா" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தென்னூரில் அவள் வீட்டுக்குப் போனேன். ஜூனிலிருந்து மணப்பாறையில் பள்ளிக்கூட வேலையாம். திரும்பி வருவதாக இல்லை. "தப்புப் பண்ணிட்டேன்டி, மன்னிச்சுடு" என்று அழுதேன். அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பரவாயில்லைங்க. ஆறிடப்போகுது, குடிங்க."