மகனுக்கு வைத்த தண்ணீர்

அன்பு மகனே,

இறந்தவர்களுக்காக உன் அம்மா அலமாரி மேல் கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வைப்பதை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! "உங்கப்பாவுக்குத் தண்ணி எந்த மூலைக்கு, எனேய்தா? ரம் ஊத்து" என்பேன்.

நீ அக்கரைக்குப் படகேறிப் போய் மாதக்கணக்கில் தகவல் வராதபோது, நம் ஊர் கார்தெனாஸில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். ஒரு காலை, அவள் ரொட்டி வரிசைக்குப் போயிருந்த நேரத்தில், நானே ஒரு தம்ளரை நிரப்பி உன் தாத்தாவின் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரில் குமிழி எழுந்தால் இறந்தவர் வந்துவிட்டார் என்பாளே, அப்படியே எழுந்தது. உன்னோடு பேசினேன். மனம் நிம்மதியானது. அதைத்தான் சொல்லக் கூசுகிறது.

அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"இது யாருக்கு, கிழவா?"

நான் அலமாரியை மறைத்து நின்றேன்.

"என் புள்ளைக்குத் தாகம் எடுத்தா அவனே வந்து கேப்பான்" என்றவள், தம்ளரை எடுத்து என் கண்ணெதிரே மடமடவென்று குடித்தாள். இறந்தவருக்கு வைத்த தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

நேற்று நீ, அக்கரையில் உன்னைப் பிடித்து வைத்திருந்த முகாமிலிருந்து விடுபட்டு அழைத்தபோது, ஃபோனை என்னிடம் நீட்டினாள். நான் கொல்லைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு இருமல் என்று உன்னிடம் சொன்னாள். எனக்கு இருமல் இல்லை. உனக்காகக் காத்திருப்பதைவிட நீ இறந்துவிட்டதாக அழுது முடிப்பது எனக்கு எளிதாக இருந்தது.

அடுத்த முறை அழைக்கும்போது நீ என்னைக் கேட்டால் பேசுவேன். கேட்காவிட்டாலும் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அப்பா