அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய வரி

ஆடி 5, திங்கள்

காலையிலிருந்தே காற்று. காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து மாடியில்.

வியாழன் டெமோ கிளாஸ். ப்ளஸ் ஒன் உயிரியல். தலைப்பு: செல்கள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன. பனியன் கம்பெனி ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் மெயில் அடித்தவளுக்கு இந்த வயசில் இது தேவையா? தேவைதான். டீச்சராகத்தானே பி.எட். படித்தேன். இதுவும் போனால் இன்னொரு பள்ளி வாசல் ஏறத் தெம்பில்லை.

வேண்டியவை: கலர் சாக்பீஸ். புடவை இஸ்திரி. ப்ளஸ் டூ நோட்டு.

நோட்டு கிடைத்தது, இரும்புப் பெட்டியில். என் கையெழுத்து அப்போது என்ன குண்டு! ஓரமெல்லாம் பசைத் தழும்பு. ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், உரிக்காமலே.

ஆடி 6, செவ்வாய்

நாளெல்லாம் மும்தாஜ் ஞாபகம். கூடப் படித்தவள். அவள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) சர்க்கரை முற்றியதும் படிப்பை விட்டு செக்கிங் வேலைக்குப் போனாள். பனியனில் எங்கே பழுதோ அங்கே அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. சரிசெய்து வந்தால் ஒட்டினவளே பார்த்து உரிக்கணும். வேறு யாரும் தொடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் நோட்டை வாங்கிப் படிப்பாள். தப்புக்கு ஸ்டிக்கர். திருத்திக் காட்டினால் நகத்தால் உரித்துவிட்டு, "பாஸ் பண்ணியாச்சுங்க மேடம்!" எத்தனை சிரிப்பு. அந்த ஞாயிறுகள் மாதிரி அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

கடைசி ஸ்டிக்கர் இந்த வரிக்கு: 'ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து செய்தி சொல்லும். எ.கா: இன்சுலின்.' எனக்குக் கோபம். "படிப்ப விட்டவ எனக்குத் தப்புக் கண்டுபுடிக்கிறயா?" என்றேன். நோட்டை மூடிக் கொடுத்தாள். அதோடு சரி. இருபது வருஷம்.

ஆடி 7, புதன்

புதுப் பாடப்புத்தகம் படித்தேன். இன்சுலின் உள்ளே போவதில்லை. செல்லின் மேலே இருக்கிற ஏற்பியில் ஒட்டும். கேட்டில் வாட்ச்மேனிடம் சொன்னால் சேதி ஆள் மாறி ஆள் உள்ளே போகிற மாதிரி.

மும்தாஜ் ஸ்டிக்கர் ஒட்டினதுதான் சரி. வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு அதே தப்பைப் போர்டில் எழுதியிருப்பேன்.

ஆடி 8, வியாழன்

டெமோ முடிந்தது.

பனியன் கம்பெனித் தையல் லைனை வைத்தே சொன்னேன். பக்கத்து மெஷின்காரரைத் தொட்டுச் சொல்வது ஒரு வகை. மைக்கில் கூப்பிடுவது இன்னொரு வகை, ஹார்மோன் மாதிரி: எல்லார் காதிலும் விழும், உரிய ஆள் மட்டும் எழுவார்.

கடைசி பெஞ்சுப் பெண்: "ஏனுங்க மிஸ், சேதி வந்தும் எந்திரிக்காத செல் இருக்குங்களா?"

இருக்கு என்றேன். திரும்பிப் போர்டைத் துடைத்தேன்.

பிரின்சிபால்: "திங்கக்கிழம சொல்றோமுங்க."

ஆடி 9, வெள்ளி

அந்த வரியை அடித்து, சரியானதைக் கீழே எழுதினேன். மும்தாஜ் விலாசம் அம்மாவிடம் வாங்கினேன். "இப்பத்தான் தோணுச்சா கண்ணு?"

சொந்தமாகச் சின்னச் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறாள். நேரே அங்கே போனேன். என்னைப் பார்த்ததும், "ஏம்புள்ள, இப்பிடி எளைச்சுட்ட?"

நோட்டை நீட்டினேன். டியூப்லைட் அடியில் பிடித்து, கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"தப்பு என்னுதுதான் புள்ள. அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"இன்சுலின் ஊசி போட்டும் அத்தாவுக்குச் சர்க்கர எறங்கல. டாக்டரக் கேட்டேன். மருந்து செல்லு வாசல்லயே நிக்குது, உள்ள காது கேக்கலைன்னாரு. அன்னைக்கு அதச் சொல்லத்தான் ஒட்டுனேன்."

அவள் அத்தா இறந்துபோனதுகூட எனக்கு இன்றுதான் தெரியும்.

நகத்தை ஸ்டிக்கர் அடியில் விட்டாள். காய்ந்த பசை. பாதி கிழிந்து வந்தது, பாதி தாளோடு நின்றது.

"பாதிதான் வந்திருக்கு. உக்காரு. டீ வருது, குடிச்சுட்டு மீதியப் பாப்போம்."