எந்த வாரத்து நியூமேன்?

பால்கெர்ன்,
9 செப்டம்பர் 1951

அன்புள்ள டூகல்,

காசநோய்க்கு வெளிக்காற்றுதான் மருந்தென்று சானடோரியத்தில் உன் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுவிட்டார்களாம், சாரல் அடித்தாலும் உள்ளே தள்ளமாட்டார்களாம். எல்ஸ்பெத் சொல்லி வருத்தப்பட்டாள். "உன் புருஷன் இத்தனை வருஷம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நனைந்தவன், இந்தச் சாரலை அவன் பொருட்படுத்தமாட்டான்" என்று அவளைத் தேற்றி அனுப்பினேன். சரிதானே?

நேற்று நம் ரோவர்ஸ் சொந்த மைதானத்திலேயே நாலுக்கு ஒன்று தோற்றது. உன் இடத்தில் ஒரு கசாப்புக்கடைக்காரரை வெள்ளோட்டம் பார்த்தோம். பந்தைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தார். மூன்றாவது கோல் விழுந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "யோவ், அது ஆட்டுத்தொடை இல்லைய்யா, பந்து! தைரியமா தொடு!" என்று கத்தினான். எதிரணிக் கோல்கீப்பர்கூடச் சிரித்துவிட்டார்.

கமிட்டியில் மேனேஜர் பெயிர்ட் மேசையைத் தட்டிச் சொன்னார்: "டூகல் வர்ற வரைக்கும் அந்த எடத்துக்கு ஒருத்தன்கிட்டயும் கையெழுத்து வாங்கப் போறதில்ல. வாரம் ஒருத்தனப் பிடிச்சு ஓட்டிக்குவோம்." ஒருவரும் மறுக்கவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் அம்மை வந்து மாதக்கணக்கில் வராமல் இருந்தான். நான் தினமும் அவன் பெயரையும் சேர்த்தே வாசித்தேன். பதில் வராதென்று தெரியும். பெஞ்சில் அவன் இடத்துக்கு வேறு எவனும் நகர்ந்து உட்காரக் கூடாதே, அதற்காகத்தான். உன் விஷயமும் அப்படித்தான். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி.

உன் நலம் நாடும்,
நினியன் ஹே
(செயலாளர் என்று போடவில்லை. இது கிளப் கடிதம் அல்ல.)

சானடோரியம்,
14 அக்டோபர் 1951

மதிப்புக்குரிய வாத்தியாருக்கு,

பெயிர்ட் மேசையைத் தட்டியது இந்த வராந்தா வரைக்கும் கேட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அதனால் கஞ்சியை மிச்சமில்லாமல் குடிக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் டார்க்குவில் என்று ஒரு தீவுக்காரர், மீன்பிடிப்பவர். கால்பந்து பார்த்தே இராதவர். நீங்கள் அனுப்பும் விளையாட்டுப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பார். நேற்று கேட்டார்: "ஏம்ப்பா டூகல், யாரு இந்த நியூமேன்? ஒரே சனிக்கிழமையில மூணு ஊர்ல ஆடிருக்கான். ரயில்லயே குடியிருக்கானா?"

சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸிடம் திட்டு வாங்கினேன். பிறகு விளக்கினேன். ஒப்பந்தம் இல்லாத ஆளை வெள்ளோட்டம் பார்க்கும்போது அவன் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் 'நியூமேன்', அதாவது புது ஆள் என்று போடுவார்கள், அது யாருடைய பெயரும் இல்லை என்றேன். "பேரே இல்லாதவனா? பாவம்" என்றார்.

வருகிற நியூமேன் யாராக இருந்தாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். எரிவாயு ஆலைப் பக்கத்துக் கோலில் காற்று ஆலைச் சுவரில் மோதித் திரும்பும். உயரமாக வரும் கார்னர் பந்து கடைசி நேரத்தில் பின்னால் இழுக்கும். முன்னே பாயக் கூடாது. ஓரடி பின்னால் நின்று காத்திருந்தால் பந்து தானாகக் கைக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷமும் ஒரு முன்பல்லும் ஆயின.

நவம்பர் கடைசியில் அறுவை சிகிச்சை. நோய்ப்பட்ட நுரையீரலைச் சுருங்கவைக்க விலா எலும்பு சிலவற்றை எடுப்பார்களாம்.

என்றும் நன்றியுடன்,
டூகல் ராட்ரே

பால்கெர்ன்,
25 நவம்பர் 1951

அன்புள்ள டூகல்,

நீ எழுதியதை உடை மாற்றும் அறையில் உரக்கப் படித்தேன். நியூமேன் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான். நேற்று எரிவாயு ஆலைப் பக்கம் ஏழெட்டு கார்னர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓரடி பின்னால் நின்றான். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். கூட்டம் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மழையில் நின்றது. அந்த வெற்றியில் பாதி உன்னுடையது.

மற்றதையெல்லாம் நீ தேறி வந்த பிறகு எழுதுகிறேன். இந்த வாரம் உன்னைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. பெயிர்ட் சொல்லச் சொன்னார்: "விலா எலும்பு போனாப் போகுதுன்னு சொல்லுங்க. இனி நெஞ்சுல பந்து பட்டாலும் வலிக்காது." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தப் போகிறவர் மாதிரி வெளியே போனார்.

தைரியமாக இரு.

நினியன் ஹே

சானடோரியம்,
13 ஜனவரி 1952

அன்பு வாத்தியாருக்கு,

பிழைத்துக்கொண்டேன். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது. படுத்தபடியே எழுதுவதால் எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

எத்தனை பேரைத்தான் பிடித்து வருகிறீர்கள்! ஒவ்வொரு வாரமும் பத்திரிகையைப் பிரித்ததும் நம் அணி வரிசையில் முதலில் வரும் கோல்கீப்பர் பெயரைத்தான் பார்க்கிறேன்: நியூமேன். புத்தாண்டு அன்று ஆடிய நியூமேன் பெனால்டியைத் தடுத்தாராமே, அவர் கெட்டிக்காரர். அதற்கடுத்த சனிக்கிழமை வந்த நியூமேனுக்குத் தாழ்வாக வரும் பந்து சரிப்படவில்லை. அவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

டாக்டர் ஏப்ரலுக்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார். ஆனால் அந்த இடத்தில் இன்னும் யார் பெயரும் ஏறவில்லை என்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. எனக்காக ஒரு கிளப்பே வாரா வாரம் அல்லாடுகிறது. இதற்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?

உங்கள்,
டூகல்

சானடோரியம்,
24 பிப்ரவரி 1952

ஐயா,

இன்று பார்வையாளர் நேரத்தில் ஒருவர் வந்தார். நெட்டையானவர், இருபத்தைந்து இருபத்தாறு வயது, கையில் ஒரு கேக். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கங்க. ராட்ரே அண்ணன் நீங்கதானே? நான் நியூமேன்."

"அடடே, உக்காருப்பா. எந்த வாரத்து நியூமேன்?"

"எல்லா வாரமும் நாந்தாண்ணே."

"அது சரி, உன் நெசப் பேரு என்ன?"

"நியூமேன்தாண்ணே. சிரில் நியூமேன். எங்கப்பாவும் நியூமேன்தான்."

எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரர்கள் ஊரான கார்லைலிலிருந்து நம் ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவராம். நவம்பரில் கையெழுத்துப் போட்டாராம். காற்றைப் பற்றி நான் எழுதியதற்கு நன்றி சொல்ல இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். கேக்கை டார்க்குவிலிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மை வந்த பையன் பெயரை வாசித்ததாக எழுதினீர்கள். அவன் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டும் வாசித்துக்கொண்டே இருந்தீர்களா?

டி. ராட்ரே

பால்கெர்ன்,
2 மார்ச் 1952

அன்புள்ள டூகல்,

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம்.

வெள்ளோட்ட ஆளைச் சில ஆட்டங்களுக்கு மேல் ஆடவிட விதி இல்லை, உனக்கே தெரியும். சிரிலை வேறொரு கிளப் பார்க்க வந்தது, ஒப்பந்தம் போடாவிட்டால் கொத்திக்கொண்டு போயிருக்கும். பெயிர்ட் என்னையும் அவனையும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உன் பேரச் சொல்லுப்பா, ஒப்பந்தத்துல எழுதணும்."

"நியூமேன்."

"அது பேப்பருக்கு. நெசப் பேரச் சொல்லு."

"நியூமேன்ங்க."

"டேய், வெளாடாத. இங்கிலீஷ்காரனுக்குக் குசும்பப் பாருங்க வாத்தியாரே!"

கடைசியில் பட்டறை அடையாளச் சீட்டைக் காட்டித்தான் நம்பவைத்தான். அன்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பத்திரிகையில் பெயர் வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீ அதை எப்படிப் படிப்பாய் என்று புரிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் உன் மனம் கலங்கக் கூடாது என்று டாக்டர் எல்ஸ்பெத்திடம் சொல்லியிருந்தார். பிறகு உன் ஜனவரிக் கடிதம் வந்தது. சோறு இறங்குகிறது என்ற வரியைப் படித்த பிறகு பேனா நகரவில்லை. நான் பொய் எழுதவில்லை டூகல். நம் நாட்டுக் கால்பந்து வழக்கம் எனக்காகப் பொய் சொன்னது, நான் அதன் வாயை மூடவில்லை. சிரிலுக்கும் இதைச் சொல்லிவைக்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் கால்பந்துச் சங்கத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும்: அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று. கமிட்டி உன் முடிவுக்கே விட்டிருக்கிறது. உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் வைத்துக்கொள்பவர்களில் உன் பெயரை எழுதுவேன். அது எனக்குக் கஷ்டமில்லாத வேலை.

நினியன் ஹே

சானடோரியம்,
20 ஏப்ரல் 1952

அன்பு வாத்தியாருக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு முதல் காரணம் கோபம். அது இரண்டு வாரத்தில் தீர்ந்தது. மீதி நாட்கள் என்ன எழுதுவதென்று தெரியாமல் போயின.

டாக்டர் சொல்லிவிட்டார். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்த வேலை பார்க்கலாம், கோலில் நிற்க முடியாது. இதை எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். அறுவை சிகிச்சை மேசையிலேயே என்றார். எல்ஸ்பெத்துக்கும் தெரியுமாம். பிறகு சிரில் மறுபடி வந்தபோது கேட்டால், ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம், நான் நியூமேனை எப்படிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று. அவன் ஒருவன்தான் பட்டறையிலேயே கிடந்ததால் கேள்விப்படவில்லையாம். வாத்தியாரே, பால்கெர்னில் ஒருத்தன் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைப்பதற்குள் அடுத்த தெருவுக்குச் செய்தி போய்விடும். அந்த ஊர், என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும், எனக்காக மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் வராந்தாவில் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்தேன். டார்க்குவில், "காத்து ஜாஸ்தியா இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரியில் எனக்குத் தெரிந்திருந்தால் நான் தேறியிருக்கமாட்டேன். இது உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதல்ல, என் உடம்பு எனக்குத் தெரியும்.

சிரில் இப்போது ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். தாழ்வான பந்துக்கு இன்னும் முழங்காலை மடிக்கத் தயங்குகிறான். போன வாரம் கட்டில்களுக்கு நடுவில் நிற்கவைத்துச் சுருட்டிய காலுறையை எறிந்து காட்டினோம். தலைமை நர்ஸ் அவனை வாசல் வரை துரத்திக்கொண்டு போனார். இந்தப் பருவத்தைக் கீழேயிருந்து மூன்றாம் இடத்தில் முடித்தீர்களாமே. நான் இருந்த வருஷங்களில் நாம் கடைசியைத் தாண்டியதில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

பட்டியலில் விடுவிப்பவர்கள் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள். தயங்காமல் எழுதுங்கள். அந்த இடத்தை என்னிடமிருந்து யாரும் பறித்ததாக இப்போது தோன்றவில்லை. நானே எடுத்துக் கொடுக்கிற நாள் வரை நீங்கள் எல்லாரும் அதை என்னுடையதாகவே வைத்திருந்தீர்கள். உங்களுக்கும் ஊருக்கும் என் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆகஸ்டில் பத்திரிகைக்குப் பெயர் கொடுக்கும்போது 'சி. நியூமேன்' என்று முன்னெழுத்தோடு கொடுங்கள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

உங்கள்,
டூகல்