முப்பத்தோராவது நாள்

நண்பா,

பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். தேர்தலில் தோற்று, கறுப்புக் கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டது தெரிந்திருக்கும்.

நேற்று முதல் வழக்கு. வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவை எதிர்த்து ஒரு தையல்காரம்மாவின் மேல்முறையீடு. காய்ச்சலில் கிடந்து முப்பத்தோராவது நாள் வந்திருந்தார். ஒரு நாள் தாமதத்தை மன்னிக்கக் கேட்டேன்.

"முப்பது நாளுக்கு மேல கிடையாதுன்னு சட்டசபையில மசோதா கொண்டுவந்ததே நீங்கதானே?" என்றார் நீதிபதி.

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

நம் வக்கீல் ஆபீசில் உன்னிடம் காட்டிய அந்த மசோதாவின் ஓரத்தில் அன்றே பென்சிலால் எழுதியிருந்தாய்: "உடம்பு முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?" உன்னைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டுச் சட்டசபைக்குப் போய் அதற்கு ஆதரவாகக் கை தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி விசாரணை. அந்தப் பிரிவே செல்லாது என்று நீ வாதாடு. என்னைக் கிழிகிழியென்று கிழி. உனக்கு ஜூனியராக நான் கேஸ் கட்டு தூக்குகிறேன்.

உன் பழைய கூட்டாளி